ஸ்கூட்டர் முன் டிஸ்க் பேட் வீட்லயே மாத்தறது எப்படி: எது முதல்ல, எது அப்புறம், ஏன்

எங்க தெரு பெங்களூரு மர்ஃபி டவுன்ல, ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரா வந்தா ஒண்ணு ஒதுங்கி நிக்கணும், அவ்ளோ தான் அகலம். அங்க வாசப்படி முன்னாடியே உக்காந்து என் வண்டிக்கு நாலு தடவ, அக்கம்பக்கத்து வண்டிங்களுக்கு ஒரு ஏழெட்டு தடவ முன் டிஸ்க் பேட் மாத்தியிருக்கேன். இப்போ தெருப் பசங்க "அண்ணா நானே பண்றேன், நீங்க பக்கத்துல இருங்க"ன்னு வந்தா ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டிருப்பேன். அப்படி பாத்ததுல ஒண்ணு தெளிவா தெரிஞ்சது, கைவேல யாருக்கும் கஷ்டமா இல்ல, ரெண்டு போல்ட்டு ஒரு பின் அவ்ளோ தான், ஆனா எல்லாரும் தடுமாறுறது எதை முதல்ல செய்யணும்ங்கறதுல தான். அதனால கீழ ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் அது ஏன் அந்த எடத்துல வருதுன்னும் சேத்தே எழுதறேன்.

இது முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம் இருக்கற 110, 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டருக்கு. பின் டிரம் ஷூ மாத்தறதுக்கு வீலே கழட்டணும், அது வேற வேல, இங்க இல்ல. டிஸ்க்னா முன் வீலோட சேந்து சுத்தற இரும்புத் தட்டு, அத ரெண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தறது பேட், பேட்ட உள்ள வெச்சு புடிச்சிருக்கறது காலிப்பர், அதுக்குள்ள பேட்ட தள்ற உருளை பிஸ்டன், அதுக்கு பிரேக் ஆயில் கொண்டு வர்ற ரப்பர் குழாய் ஓஸ்.

1. மாத்தணுமான்னு முதல்ல பாருங்க

டிரம் பிரேக்ல ஷூ தேய தேய லிவர் கீழ எறங்கிக்கிட்டே வரும், கேபிள் நட்ட டைட் பண்ணுவோம், அதுல பழகினவங்க டிஸ்க்குக்கும் அதையே எதிர்பாக்கறாங்க. டிஸ்க்ல அப்படி வராது. பேட் தேஞ்ச அளவுக்கு பிஸ்டன் தானா வெளிய வந்து நிக்கும், அந்த எடத்த நிரப்ப ஹேண்டில்ல இருக்கற ஆயில் டப்பாலேர்ந்து பிரேக் ஆயில் கொஞ்சம் எறங்கும், லிவர் மட்டும் முதல் நாள் மாதிரியே இருக்கும். லிவர் நல்லா தானே இருக்குன்னு விட்டுட்டு கடைசில இரும்பு டிஸ்க்க சொரண்டற சத்தம் வந்தப்புறம் வந்தவங்க என் வாசலுக்கே ரெண்டு பேரு. அந்த நிலமைல பேட்டோட டிஸ்க்கும் போயிடும், செலவு பல மடங்கு.

அதனால கண்ணால பாக்கணும். மொபைல் டார்ச்ச காலிப்பர் பின்பக்கத்துலேர்ந்து அடிங்க, டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பேட் தெரியும். இரும்பு பிளேட்ட கணக்குல எடுக்காதீங்க, அது மேல ஒட்டியிருக்கற கருப்பு பகுதி எவ்ளோ மிச்சம்னு பாருங்க. பெரும்பாலான பேட்ல நடுவுல ஒரு கோடு பள்ளமா போட்டிருப்பாங்க, அந்தப் பள்ளம் மறைஞ்சா மாத்தணும். கோடு இல்லாட்டி 1.5 எம்எம் வந்ததும் நான் மாத்திடுவேன், பெங்களூரு டிராஃபிக்ல சில்க் போர்டு தாண்டறதுக்குள்ளயே எத்தன தடவ பிரேக் புடிக்கறோம், 1 எம்எம் வரைக்கும் இழுக்கறதுல லாபம் ஒண்ணும் இல்ல.

ரெண்டு பேட்டையும் பாருங்க. பிஸ்டன் தள்ற பேட்ட இங்க உள்பேட்னு சொல்றேன், மறுபக்கத்தது வெளிப்பேட். ஒண்ணு எட்டிப் பாத்தா தான் தெரியும், கண்ணுல படற பேட் தடியா இருக்குன்னு நிறைய பேர் அதோட எழுந்துடறாங்க. உள்ளது மட்டும் ரொம்ப தேஞ்சிருந்தா அதுவே ஒரு சேதி, 7வது ஸ்டெப்ல சொல்றேன்.

2. சனிக்கிழமையே வாங்கி வெச்சிடுங்க

வேல ஞாயித்துக்கிழமைன்னா சாமான் சனிக்கிழமையே கைல இருக்கணும். டவுன் ஹால்லேர்ந்து ஜே.சி. ரோடுல எறங்கினா ரெண்டு பக்கமும் ஸ்பேர் கடை தான், நிறைய கடைல தமிழ்லயே கேக்கலாம். வண்டிப் பேர மட்டும் சொல்லாதீங்க, எந்த வருஷம், எந்த வேரியன்ட்னு சொல்லுங்க, ஒரே பேர்ல வர்ற வண்டிக்கே வருஷம் மாறினா காலிப்பர் மாறியிருக்கலாம். உங்க வண்டி காலிப்பர ரெண்டு மூணு பக்கத்துலேர்ந்து போட்டோ எடுத்துட்டுப் போங்க. பேட் எப்பவும் செட்டா தான் மாத்தணும், தேஞ்ச ஒண்ண மட்டும் மாத்தறது கூடாது. டூப்ளிகேட் பேட் விலை கம்மியா கெடைக்கும், அத வாங்காதீங்க, நான் இத ரொம்ப அழுத்தி சொல்றேன். ஹாலோகிராம், பார்ட் நம்பர் பாத்து வண்டி கம்பெனி பேட்டோ இல்ல பேர் தெரிஞ்ச பிராண்டோ வாங்குங்க.

டூல்ஸ்: 12 சைஸ் ரிங் ஸ்பேனர் இல்ல பாக்ஸ் ஸ்பேனர், 5 சைஸ் ஆலன் கீ, ஒரு பட்டை ஸ்க்ரூ டிரைவர். உங்க வண்டிக்கு சைஸ் இதுதானான்னு சனிக்கிழமையே வெச்சுப் பாருங்க. ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், அது ரெண்டு பக்கம் மட்டும் புடிக்கும், டைட்டான போல்ட்ல வழுக்கி தலைய மொழுக்குன்னு ஆக்கிடும். ஆலன் கீ மட்டும் நல்லதா வாங்குங்க.

இது தவிர பிரேக் கிளீனர் ஸ்பிரே, சிலிகான் கிரீஸ் சின்ன டியூப், பழைய டூத் பிரஷ் ரெண்டு, நெய்ஸான உப்புத்தாள் ஒண்ணு, கொஞ்சம் பனியன் வேஸ்ட், கையுறை, மாஸ்க், ஊசி போடாத சிரிஞ்ச் ஒண்ணு. ஒரு பாட்டில் தண்ணி பக்கத்துலயே இருக்கட்டும், பிரேக் ஆயில் பெயின்ட்ல பட்டா பெயின்ட்டையே உரிச்சிடும், பட்ட உடனே தண்ணி ஊத்தி கழுவணும், தொடைச்சா மட்டும் போதாது.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், துருவுக்கு அடிக்கற ஸ்பிரே, இதெல்லாம் இந்த வேலைக்கு பக்கத்துலயே வரக்கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் பேட்ல ஏறினா அந்த பேட் முடிஞ்சது, காலிப்பர் ரப்பர்ல ஏறினா ரப்பர் ஊதிப்போகும்.

3. வண்டிய நிறுத்தற விதம்

ஓட்டிட்டு வந்த உடனே ஆரம்பிக்காதீங்க, டிஸ்க் நல்ல சூட்டுல இருக்கும். ஒரு மணி நேரம் ஆறட்டும். சமமான தரைல சென்டர் ஸ்டாண்ட் போடுங்க, காலிப்பர் இருக்கற பக்கம் வெளிய வர்ற மாதிரி ஹேண்டில ஒரு பக்கமா திருப்பி வைங்க, முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் செங்கல் குடுங்க. சாவிய எடுத்து வீட்டுக்குள்ள வெச்சிடுங்க.

வண்டி ஆடாம இருக்கணும்னு எடது லிவர்ல இருக்கற பார்க்கிங் கிளிப்ப போடறாங்க. போடாதீங்க. 2019 ஏப்ரல்லேர்ந்து விக்கற 125 சிசி வரைக்கும் உள்ள வண்டில சிபிஎஸ்ஸோ (ரெண்டு பிரேக்கும் சேந்து புடிக்கற அமைப்பு) ஏபிஎஸ்ஸோ (பிரேக் போடறப்போ வீல் லாக் ஆகாம தடுக்கற அமைப்பு) கட்டாயம், ஸ்கூட்டர்னா பெரும்பாலும் சிபிஎஸ் தான், அதுல எடது லிவர புடிச்சா பின் டிரம்மோட முன் டிஸ்க்கும் சேந்து புடிக்கும். முன் பிரேக்க கழட்டப் போற நேரத்துல அத இழுத்து லாக் பண்ணி வெச்ச மாதிரி ஆயிடும். இதே காரணத்துக்கு, காலிப்பர் கழண்டு இருக்கற வரைக்கும் ரெண்டு லிவரையும் யாரும் தொடக்கூடாது. வலது லிவர் மட்டும் தான்னு நெனைச்சிருந்தீங்கன்னா மாத்திக்கோங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா இத முன்னாடியே சொல்லி வைங்க, வண்டி நின்னுட்டிருந்தா ஓடி வந்து முதல்ல லிவர தான் புடிக்கும்ங்க.

கை வைக்கறதுக்கு முன்னாடி காலிப்பர நாலு பக்கமும் மறுபடி போட்டோ எடுங்க. சனிக்கிழமை எடுத்தது கடைக்கு, இது மாட்டறப்போ பாக்க, ஓஸ் எந்த வழியா போகுது, எந்த கிளிப் எங்க உக்காந்திருக்குன்னு.

4. பேட் பின்ன முதல்ல லூஸ் பண்ணுங்க, கழட்டாதீங்க

பத்துல எட்டு பேர் தப்பு பண்றது இங்க தான். காலிப்பர முதல்ல கழட்டி கைல எடுத்துட்டு அப்புறம் பேட் பின்ன திருப்பப் பாப்பாங்க. பேட்ட தாங்கற அந்தப் பின் ரெண்டு மூணு வருஷ மழைத் தண்ணில இறுகிப்போயிருக்கும், கைல புடிச்ச காலிப்பர் அதோட சேந்து சுத்தும், அத ஓஸ்ஸோட முறுக்கிக்கிட்டு வெறுங்கைல மல்லுக்கட்டி ஆலன் ஓட்டைய உருட்டி விட்டுடுவாங்க. காலிப்பர் வண்டில போல்ட் போட்டு நிக்கறப்போ வண்டியோட எடையே அத புடிச்சுக்கும், உங்க பலம் முழுசா பின்னுக்கு போகும்.

சில காலிப்பர்ல பின்னுக்கு மேல ஒரு சின்ன மூடி ஸ்க்ரூ இருக்கும், அத பட்டை ஸ்க்ரூ டிரைவர்ல எடுத்து பத்திரமா வைங்க. ஆலன் ஓட்டைக்குள்ள மண்ணு கெட்டிச்சு உக்காந்திருக்கும், ஒரு ஊக்கு இல்ல ஊசியால அடி வரைக்கும் நோண்டி எடுங்க. இத செய்யாம கீய வெச்சா பாதி ஆழம் தான் எறங்கும், பாதி ஆழத்துல திருப்பினா மொழுக்குன்னு ஆயிடும், அதுக்கப்புறம் அந்தப் பின்ன டிரில் போட்டு தான் எடுக்கணும். கீ முழுசா எறங்கினப்புறம் மேல லேசா ரெண்டு தட்டு தட்டி, நெதானமா ஒரே சீரான பலத்துல எடதுபக்கம் திருப்புங்க. "டக்"குன்னு விட்டதும் ஒரு அரை சுத்து போதும், நிறுத்திடுங்க.

சில வண்டில மரை போட்ட பின்னுக்கு பதிலா சொருகற பின்னும் அதுக்கு ஒரு வளைஞ்ச கம்பி லாக்கும் இருக்கும், அதுக்கு இந்த ஸ்டெப் தேவையில்ல.

5. காலிப்பர கழட்டறது

ஃபோர்க்ல, அதாவது முன் வீல ரெண்டு பக்கமும் தாங்கற குழாய்ல, காலிப்பர புடிச்சிருக்கற ரெண்டு போல்ட்டையும் முதல்ல லூஸ் பண்ணுங்க, அப்புறம் ஒவ்வொண்ணா முழுசா எடுங்க. அங்க வேற போல்ட்டும் கண்ணுல படும், ஓஸ் சேர்ற எடத்துல துளை உள்ள ஒரு பெரிய போல்ட், ரப்பர் தொப்பி போட்ட ஒரு சின்ன நிப்பிள். அது ரெண்டும் ஆயில் போற வழி, தொடவே கூடாது, தொட்டா காத்து உள்ள போயி வேல மூணு மடங்கு ஆயிடும்.

காலிப்பர டிஸ்க்லேர்ந்து நேரா பின்னாடி இழுத்து எடுங்க. எடுத்தத ஓஸ்ல தொங்க விடாதீங்க, உள்ள நூல் நூலா கிழியும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஒரு கயிறால ஃபோர்க்லயோ மட்கார்ட்லயோ கட்டி, ஓஸ் தளர்வா இருக்கற மாதிரி தொங்க விடுங்க.

இப்போ லூஸ் பண்ணி வெச்ச பேட் பின்ன முழுசா எடுங்க, ரெண்டு பேட்டும் வெளிய வரும். எது உள்பக்கம் எது வெளிப்பக்கம்னு பின்னாடி மார்க்கர்ல எழுதி வைங்க. மேல தகடு மாதிரி ஒரு பேட் ஸ்பிரிங் இருக்கும், அது எந்த பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு போட்டோ எடுத்துட்டு தான் எடுக்கணும். தூச வாயால ஊதாதீங்க, மாஸ்க் போட்டுட்டு பிரேக் கிளீனர் அடிச்சு நனைச்சு தொடைங்க.

6. பிஸ்டன உள்ள தள்றது

புது பேட் தடியா இருக்கும், பிஸ்டன் வெளிய நீட்டிட்டு இருக்கும், அத உள்ள தள்ளினா தான் புது பேட்டோட காலிப்பர் டிஸ்க் மேல ஏறும். தள்றதுக்கு முன்னாடி ரெண்டு வேல இருக்கு.

முதல் வேல, ஆயில் லெவல். பிஸ்டன் உள்ள போனா அந்த ஆயில் மேல டப்பாக்கு திரும்பி வரும். இடைல யாரும் ஆயில் ஊத்தாம இருந்திருந்தா லெவல் பழையபடி மேல் கோட்டுக்கு வந்து நிக்கும், பிரச்சனை இல்ல. ஆனா லெவல் எறங்கியிருக்கேன்னு சர்வீஸ்ல யாராவது நிரப்பியிருந்தா எடம் இருக்காது, பொங்கி வழியும். அதனால ஹேண்டில்ல இருக்கற கண்ணாடி ஜன்னல பாருங்க, மேல் கோடு வரைக்கும் ஏற்கனவே நெறஞ்சிருந்தா மூடி திறந்து சிரிஞ்ச்சால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துடுங்க, திறக்கறப்போ சுத்தி துணி போர்த்துங்க. சில வண்டில டப்பா ஹேண்டில் கவருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதுல எடுக்கணும்னா கவர் கழட்டணும். பேட் தேயற காலத்துல லெவல் மெதுவா எறங்கறது இயல்பு, அதுக்கு ஆயில் ஊத்தக்கூடாதுங்கறது இதனால தான். வேகமா எறங்கினா மட்டும் எங்கயோ லீக்.

ரெண்டாவது வேல, பிஸ்டன சுத்தம் பண்றது. இத தான் எல்லாரும் விட்டுடறாங்க, மெக்கானிக்கே அவசரத்துல விடறத பாத்திருக்கேன். வெளிய நீட்டிட்டு இருக்கற பிஸ்டன் பக்கவாட்டுல ரெண்டு வருஷ பேட் தூசும் சேறும் படிஞ்சு கெட்டியா இருக்கும். அதோட உள்ள தள்ளினா அத்தனையும் சுத்தி இருக்கற ரப்பர் சீல் வழியா தேய்ச்சுக்கிட்டு போகும். சீல் கீறினா லீக், கீறலன்னாலும் பிஸ்டன் இறுகிப் புடிக்கும், லிவர விட்டாலும் பேட் முழுசா விலகாது, புது பேட் சீக்கிரமே தேயும். முந்தின ஸ்டெப்ல பேட்டெல்லாம் எடுக்கச் சொன்னது இதுக்கு தான், பேட் இருக்கறப்போ இந்த எடத்துக்கு பிரஷ் போகாது. பிரேக் கிளீனர டூத் பிரஷ்ல அடிச்சு பிஸ்டன் ஓரத்த சுத்தி தேயுங்க, பின்பக்கம் கண்ணுக்கு தெரியாத பாதிக்கு ஒரு துணிப்பட்டைய சுத்திப்போட்டு முன்னும் பின்னும் இழுங்க. பளபளன்னு ஆகற வரைக்கும் விடாதீங்க. ஸ்க்ரூ டிரைவர், கத்தி, உப்புத்தாள் எதுவும் பிஸ்டன் மேல படக்கூடாது.

இப்போ தள்ளலாம். பழைய பேட் ஒண்ண பிஸ்டன் மேல மட்டமா வெச்சு, ரெண்டு கட்டைவிரலால நேரா அழுத்துங்க. மெதுவா போகும், ஆயில் திரும்பிப் போக நேரம் குடுங்க. விரலால போகலன்னா பழைய பேட் மேல தச்சு வேலை சி கிளாம்ப் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா முறுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் குடுத்து நெம்பினா பிஸ்டன் கோணலா போயி சீல் கெடும். கிளாம்ப் போட்டும் நகரலன்னா பிஸ்டன் சிக்கியிருக்கு, அதோட நிறுத்திட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க.

இந்த எடத்துல தான் லிவர் ஆபத்து அதிகம். பேட் இல்லாத காலிப்பர்ல நாலு தடவ லிவர புடிச்சா பிஸ்டன் வெளியவே வந்து விழும், ஆயில் கொட்டும். எதிர்வீட்டு தம்பி இப்படித்தான், "பிஸ்டன் நகருதான்னு பாத்தேண்ணா"ன்னான், அன்னிக்கு வண்டிய டெம்போல ஏத்தி தான் அனுப்பினோம்.

7. ஸ்லைடர் பின்ன கவனிங்க

இந்த காலிப்பர்ல பிஸ்டன் ஒரு பக்கம் தான். அது உள்பேட்ட டிஸ்க்ல அழுத்தும், அழுத்தினதும் காலிப்பர் உடம்பே பின்னாடி நகந்து வெளிப்பேட்ட இழுத்து மறுபக்கம் அழுத்தும். அப்படி நகர்றதுக்கு ரெண்டு ஸ்லைடர் பின் ரப்பர் பூட்டுக்குள்ள இருக்கு. அது வறண்டு துருப்புடிச்சா காலிப்பர் நகராது, வேல முழுக்க உள்பேட் தலைல விழும். முதல் ஸ்டெப்ல சொன்ன சேதி இது தான், உள்பேட் மட்டும் தேஞ்சிருந்தாலோ பேட் ஒரு பக்கம் சரிவா தேஞ்சிருந்தாலோ ஸ்லைடர் பின் சிக்குது. பேட்ட மட்டும் மாத்தினா புதுசும் அதே மாதிரி தான் தேயும்.

காலிப்பர பிராக்கெட்லேர்ந்து, அதாவது ஃபோர்க்ல போல்ட் ஏறின தாங்கிலேர்ந்து, கையால இழுத்தா பின்னோட கழண்டு வரும். பழைய கிரீஸ தொடைச்சு, துரு இருந்தா நெய்ஸ் உப்புத்தாள்ல லேசா எடுத்து, சிலிகான் கிரீஸ மெல்லிசா பூசி திரும்ப போடுங்க. வீல் பேரிங்குக்கு போடற சாதா கிரீஸ் போட்டா பூட் ரப்பர் ஊதி பின்ன இறுக்கிடும். நெறையவும் பூசாதீங்க, உள்ள காத்து அடைஞ்சு பின் முழுசா போகாது. போட்டப்புறம் கையால முன்னும் பின்னும் நகத்திப் பாருங்க, எந்தப் பக்கமும் தடங்காம போகணும். பூட் கிழிஞ்சிருந்தா மாத்திடுங்க, மழைக்காலத்துல அந்தக் கிழிசல் வழியா தான் தண்ணி எறங்கும்.

8. டிஸ்க்

விரல் நகத்த டிஸ்க் மேல உள்ளேர்ந்து வெளிய இழுங்க. மெல்லிசா வரி வரியா இருந்தா பரவால்ல, நகம் மாட்டி நிக்கற பள்ளம் இருந்தா டிஸ்க் மாத்தற யோசனைக்கு வாங்க. குறைஞ்சபட்ச தடிமன் எவ்ளோன்னு பெரும்பாலும் டிஸ்க் மேலயே பொறிச்சிருக்கும், அதுக்கு கீழ போயிருந்தா புது பேட் போட்டு பிரயோஜனம் இல்ல.

நல்லா இருந்தா உப்புத்தாளால ரெண்டு பக்கமும் வட்ட வட்டமா லேசா தேயுங்க, பழைய பேட் விட்ட மெருகு போகணும். அப்புறம் பிரேக் கிளீனர் அடிச்சு சுத்தமான துணியால தொடைங்க. இதுக்கப்புறம் வெறும் விரல் டிஸ்க்ல படக்கூடாது.

9. புது பேட்ட உள்ள போடறது

கையுறைய மாத்துங்க. பழைய கையுறைல கிரீஸ் இருக்கும்.

பேட் ஸ்பிரிங்க போட்டோ பாத்து அதே மாதிரி உக்கார வைங்க. அது தான் பேட் கடகடன்னு ஆடாம புடிச்சுக்கறது, தலைகீழா போட்டா பேட் உள்ள ஏறவே ஏறாது, இல்ல ஏறி சாஞ்சு நிக்கும். பேட்டோட ஒரு காது பிராக்கெட்ல இருக்கற தகட்டு காடில உக்காரணும், இன்னொரு பக்க ஓட்டைல பின் போகணும். கருப்பு பகுதி ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து இருக்கணும். சின்ன விஷயமா தெரியும், ஆனா இரும்பு பிளேட் டிஸ்க் பக்கம் பாக்கற மாதிரி போட்டு முடிச்சு எழுந்தவர நான் பாத்திருக்கேன், அப்புறம் திரும்ப எல்லாத்தையும் கழட்டினோம். உள்பேட்டும் வெளிப்பேட்டும் வடிவம் வேறயா இருந்தா நீங்க மார்க்கர்ல எழுதினத பாத்து போடுங்க.

பேட்ட ஸ்பிரிங்குக்கு எதிரா விரலால அழுத்திப் புடிச்சா தான் ஓட்டை நேருக்கு வரும். பின்ன சுத்தம் பண்ணி சொருகி, மரைய கையால புடிக்க வைங்க. இப்போ டைட் பண்ண வேண்டாம், 4வது ஸ்டெப்ல சொன்ன அதே காரணம் தான்.

10. காலிப்பர திரும்ப மாட்டறது

ரெண்டு பேட்டுக்கும் நடுவுல இடைவெளி தெரியணும், அதுக்குள்ள டிஸ்க் வர்ற மாதிரி காலிப்பர நேரா ஏத்துங்க. ஏறலன்னா அடிச்சு ஏத்தாதீங்க, பிஸ்டன் முழுசா உள்ள போகலன்னு அர்த்தம். ஓஸ் முறுக்காம பழைய வழியிலயே போகுதான்னு பாருங்க.

ரெண்டு போல்ட்டையும் முதல்ல விரலால நாலஞ்சு சுத்து ஏத்துங்க. ஸ்பேனர் போட்டு ஆரம்பிச்சா கோணலா ஏறி மரை போயிடும், அலுமினியம் மரை ஒரு தடவ போனா ரிப்பேர் லேசுல முடியாது. பழைய போல்ட் மரைல நீலமா பசை ஒட்டியிருந்திருந்தா புதுசா ஒரு சொட்டு நீல மரைப்பசை விடுங்க. அப்புறம் மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க. டார்க் ரெஞ்ச் (எவ்ளோ பலத்துல இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) இருந்தா உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல உள்ள அளவு தான் சரி, இந்த சைஸ் காலிப்பருக்கு பெரும்பாலும் 25லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இருக்கும். ரெஞ்ச் இல்லாட்டி சாதா நீள ஸ்பேனர்ல கையால நல்ல டைட், பைப் போட்டு இழுக்கறதெல்லாம் வேண்டாம்.

போல்ட் முடிஞ்சதும் பேட் பின். அது கொஞ்சம் மெல்லிசு, போல்ட் அளவுக்கு இறுக்கினா அடுத்த தடவ நீங்களே தான் கஷ்டப்படுவீங்க. மூடி ஸ்க்ரூ இருந்தா மறக்காம போடுங்க, அது இல்லன்னா உள்ள மண்ணும் தண்ணியும் போயி பின் இறுகிடும்.

11. வண்டிய ஒரு அடி நகத்தறதுக்கு முன்னாடி லிவர பம்ப் பண்ணுங்க

இந்தப் பக்கத்துல வேற எதையும் படிக்கலன்னாலும் இத படிங்க. பிஸ்டன உள்ள தள்ளி வெச்சிருக்கோம், பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. இப்போ லிவர புடிச்சா ஹேண்டில் வரைக்கும் வெறுமனே வரும், பிரேக் இருக்காது. அத உணராம "சும்மா தெருமுனை வரைக்கும் போயி பாத்துட்டு வரேன்"னு கிளம்பினா முன் பிரேக் இல்லாத வண்டி தான் ஓட்டறீங்க. எங்க தெருமுனைல மெயின் ரோடு, பஸ் போற ரோடு.

வண்டி ஸ்டாண்ட்ல இருக்கறப்பவே வலது லிவர மெதுவா முழுசா புடிச்சு விடுங்க, திரும்ப புடிங்க. முதல் நாலஞ்சு தடவ ஒண்ணும் இருக்காது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகும். கல்லு மாதிரி நின்னதும் ஒரு நிமிஷம் அழுத்திப் புடிங்க. எறங்காம நிக்கணும். மெதுவா எறங்கினா எங்கயோ கசியுது, பஞ்சு மாதிரி இருந்தா காத்து இருக்கு, ரெண்டுக்கும் வண்டிய எடுக்கக்கூடாது. எடது லிவரையும் இதே மாதிரி பாருங்க.

அப்புறம் முன் வீல தூக்கி கையால சுத்துங்க, லேசா உரசற சத்தம் வரலாம், ஆனா சுத்தணும். கடைசியா ஆயில் ஜன்னல். கீழ் கோட்டுக்கு மேல இருந்தா ஒண்ணும் ஊத்த வேண்டாம். ஊத்தணும்னா டப்பா மூடில என்ன போட்டிருக்கோ அது தான், பெரும்பாலும் டாட் 3 இல்ல டாட் 4, புது சீல் உடைச்ச டப்பாலேர்ந்து. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், போன வருஷம் திறந்து வெச்சது ஆகாது.

12. பேட்ட பழக்கறது

புது பேட்டோட மேல்பரப்பு டிஸ்க்கோட இன்னும் சேரல, முழு பிரேக் முதல் நாளே வராது. நான் ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு அல்சூர் ஏரி பக்கம் அண்ணாசாமி முதலியார் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போவேன், அந்நேரத்துக்கு பின்னாடி வண்டி வராது. கிளம்பின உடனே பத்தடிக்குள்ள நடக்கற வேகத்துலயே ரெண்டு பிரேக்கையும் ஒரு தடவ போட்டுப் பாருங்க. அப்புறம் 40ல போயி முன் பிரேக்க நிதானமா அழுத்தி 10க்கு கொண்டு வாங்க, நிறுத்தாம மறுபடி வேகம் எடுங்க. இப்படி ஒரு பதினஞ்சு இருபது தடவ, நடுநடுவுல ஒரு நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி டிஸ்க்க ஆற விடுங்க. நின்ன எடத்துல லிவர இறுக்கிப் புடிச்சுட்டே இருந்தீங்கன்னா சூடான பேட் டிஸ்க்ல ஒரே எடத்துல ஒட்டி அப்புறம் பிரேக் போடறப்பல்லாம் லிவர் அதிரும்.

முதல் 150, 200 கிலோமீட்டர் முன்னாடி போற வண்டிக்கு வழக்கத்த விட கொஞ்சம் கூடவே எடம் விட்டு ஓட்டுங்க. அந்த வாரத்துல நந்தி ஹில்ஸ் மாதிரி எறக்கத்துக்கு போகாதீங்க.

13. ஒரு வாரம் கழிச்சு

ரெண்டு காலிப்பர் போல்ட்டையும் ஸ்பேனர் வெச்சு தொட்டுப் பாருங்க, நகரக்கூடாது. ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு எறங்கி டிஸ்க் பக்கம் கைய கொண்டு போங்க, தொடாதீங்க. பிரேக் அதிகம் போடாமலே அனல் அடிச்சா பேட் விலகாம உரசிக்கிட்டே இருக்கு, பிஸ்டனோ ஸ்லைடர் பின்னோ சிக்குது, 6லயும் 7லயும் விட்ட வேல திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். காலிப்பர் அடில ஈரம் தெரிஞ்சா அன்னிக்கே மெக்கானிக்.

மழைல நனைஞ்சு காலைல முதல் ரெண்டு பிரேக்குக்கு கீச்சுன்னு கத்தறதுக்கு பயப்பட வேண்டாம், காஞ்சதும் போயிடும். காஞ்சப்புறமும் நாள் முழுக்க கத்தினா பேட் ஸ்பிரிங்க திறந்து பாருங்க, பெரும்பாலும் அது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாம நிக்கும்.

பழைய பேட்ட தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்து, கிலோமீட்டர் ரீடிங்க சேத்து போன்ல வெச்சுக்கோங்க. அடுத்த தடவ எப்போ டார்ச் அடிச்சு பாக்கணும்னு அது சொல்லும்.